சிறு கால்களின் கணக்கு: போடி மலைச்சரிவில் குடும்பங்களை நடத்திச் செல்லும் தொழில்

போடிநாயக்கனூருக்கு மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைத் தொடருக்கு இரு முகங்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழையை நேரே ஏற்கும் மேற்கு முகம் தேயிலையும் ஏலமும் நீர்த்தேக்கங்களும், மலை மடிப்புகளில் குட்டையாக அடர்ந்து வளரும் சோலைக்காடுகளுமாகப் பச்சை கட்டிக் கிடக்கிறது. மழையை அங்கேயே இறக்கிவிட்டு வெறுங்காற்றாக வரும் காற்றையே பெறும் கிழக்கு முகமோ ஆண்டில் பல மாதங்கள் காய்ந்த புல்லும் பாறையும் முட்புதருமாக நிற்கிறது. மழைமறைவுப் பகுதி என்று புவியியலார் சொல்வது இதைத்தான். போடிக்கு வந்து இறங்கும் குடும்பம் முதலில் கேட்பது ஏரியை. அதன் கண்ணெதிரே நிற்பதோ ஏரியில்லாத சரிவு. இந்த இரண்டையும் ஒரே நாளில், ஒரே நடையில் குழந்தைகளின் காலில் கட்டிவிடாமல் பிரித்து வைப்பதே இங்கே வழிகாட்டியாக இருப்பவர் செய்யும் முதல் வேலை. பிற வேலைகள் அனைத்தும் அதிலிருந்து பிறப்பவை.

குண்டளை, மாட்டுப்பட்டி, ஆனையிறங்கல் ஆகிய மூன்று ஏரிகளும் மலையின் மேற்குப் பக்கத்தில், கேரள எல்லைக்குள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திலும் ஆல்ப்ஸ் மலைகளிலும் உள்ள ஏரிகள் பனியாறுகள் குடைந்த பள்ளங்களில் நீர் தங்கி உருவானவை; அவற்றின் கரை பல்லாயிரம் ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதால், கரையைச் சுற்றிலும் நடைபாதை அமைந்து, கைக்குழந்தையோடும் முதியோரோடும் நடக்க வாய்க்கிறது. ஏலமலையில் உள்ளவையோ ஆற்றை அணையிட்டு மறித்துத் தேக்கிய நீர்நிலைகள். குண்டளையின் வளைவு அணை 1946இல் கட்டி முடிக்கப்பட்டது. பன்னியாற்றின் மேல் நிற்கும் ஆனையிறங்கல் அணை மண்ணால் ஆனது. மூன்றுமே மின் உற்பத்தியை முதன்மையாகக் கருதி எழுந்தவை. மின்நிலையத்தின் தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவதால், உயர்ந்த மட்டத்துக்கும் தாழ்ந்த மட்டத்துக்கும் நடுவே செடி முளைக்காத ஒரு சேற்றுப் பட்டை எப்போதும் இருக்கும். மேலே வெயிலில் காய்ந்து வெடித்துத் தரைபோலத் தோன்றும் அந்தச் சேறு, உள்ளே இளகியே கிடந்து, பெரியவர் காலை முழங்கால் வரையும் சிறுவர் காலை அதற்கு மேலும் இழுத்துக்கொள்ளும். படங்களில் கண்ட வெளிநாட்டு ஏரிகளை மனத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடும் பிள்ளைகளைத் தடுக்க, வழிகாட்டிகள் ஓர் எளிய எல்லையை வைத்திருக்கிறார்கள்: புல் எங்கே முடிகிறதோ அங்கே நடையும் முடிகிறது.

ஆனையிறங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலைச் சரிவுகளுக்கும் சிறு காட்டுத் துண்டுகளுக்கும் நடுவே கிடக்கும் அந்த நீர்த்தேக்கம் காட்டு யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம். சின்னக்கானல் வட்டாரத்தில் அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பன் என்ற ஆண் யானை திரிந்ததும் இங்கேதான். 2023 ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி செலுத்திப் பெரியாறு காப்பகத்துக்கு அது மாற்றப்பட்டது. மே மாதக் கடைசியில் கம்பம் நகருக்குள் புகுந்தது. ஜூன் தொடக்கத்தில் தமிழ்நாடு வனத்துறை மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. ஒரு யானையை இடம் மாற்றியதால் யானைப் பாதை மாறிவிடுவதில்லை. ஆகவே ஆனையிறங்கலைச் சாலையோரத்து உயரமான இடத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே குடும்பத்துக்கு உரியது. காலையும் மாலையும் கரையில் நடப்பது உரியதன்று என்பதில் இத்தொழிலில் இருப்போரிடையே கருத்து வேற்றுமை இல்லை. குண்டளைப் பக்கம் ஒப்பளவில் எளிது; பகல் நேரத்தில் அணைக்கு அருகே, சாலை விளிம்பை ஒட்டி, ஐந்து வயதுப் பிள்ளை கூடக் களைப்பின்றி ஒரு மணி நேரம் நடக்க முடியும். ஏரியே முதன்மை என்று வரும் குடும்பத்தை அங்கே வண்டியில் அனுப்பி, நடையை ஏரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வது வழிகாட்டிக்கு வருமானத்தைக் குறைத்தாலும், நேர்மையான ஆலோசனை அதுவே.

சரிவில் நடக்க விரும்புவோருக்கான வழி முந்தலில் பிரிகிறது. போடியிலிருந்து வரும் சாலை அவ்வூரில் இரண்டாகப் பிளந்து, ஒரு கிளை கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்குப் போகிறது. மெட்டு என்பது மலைத்தொடரைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் கடவுக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் சொல். கம்பம்மெட்டும் அவ்வகையே. மற்றக் கிளை கொட்டகுடி ஆற்றை ஒட்டிக் குரங்கணிக்குச் செல்கிறது. வைகையின் துணையாறான கொட்டகுடி இறங்கிவரும் பள்ளத்தாக்கின் தலைப்பில் குரங்கணியும், அதற்கு மேலே முதுவாக்குடி, சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்ற ஊர்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. போடியிலிருந்து விடியற்காலையில் ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையில் விரைவதால், குழந்தைகளோடு மேலே செல்வோர் அந்த நெரிசல் வடிந்த பிறகு புறப்படுவதே நல்லது. குரங்கணிச் சாலையில் அந்தத் தொல்லை இல்லை.

சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்ற பெயர்களுக்குள் நூறாண்டு வரலாறு இருக்கிறது. மூணாற்றுத் தேயிலையைச் சமவெளிக்கு இறக்கக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டிப் பாதையும், 1908இல் அதற்குப் பதிலாக இரண்டடி அகலச் சிறு ரயில் பாதையும் போடப்பட்டன. ரயில் வந்து நின்ற உச்சி டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி மலையடிவாரத்துக் கொட்டகுடிக்கு இறங்கின. கம்பிவடத்தின் நடு நிலையமே சென்ட்ரல். கீழிருந்து மாட்டுவண்டிகள் அவற்றைப் போடிக்குக் கொண்டுவந்தன. 1924 ஜூலைப் பெருவெள்ளம் ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்ததோ அதற்குப் பின்னர், 1928இல்தான். அதுவும் அகலப்பாதை வேலைக்காக நெடுங்காலம் நிறுத்தப்பட்டு 2023 ஜூனில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பெட்டிகள் வானத்தில் இறங்கினாலும் மனிதரும் பொதிக்குதிரைகளும் தரையில்தான் ஏறி இறங்கினார்கள். இன்று குடும்பங்கள் நடக்கும் பாதை அந்தச் சுமைப்பாதை.

சுமைப்பாதைக்கு ஒரு குணம் உண்டு. அதைப் புரிந்துகொண்டவர்க்குக் குழந்தைகளோடு நடப்பது பாதி எளிதாகிவிடும். தலையில் காய் மூட்டையோடு ஏறுபவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குவாரோ, அந்த இடத்தில் ஒரு மரநிழலோ, மூட்டையை இறக்கி வைக்கத்தக்க இடுப்புயரப் பாறையோ, நீரூற்றோ இருக்கும்; பாதை அவற்றைத் தேடியே வளைந்து வந்திருக்கிறது. சுமை தூக்குபவரின் மூச்சும் ஆறேழு வயதுப் பிள்ளையின் மூச்சும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஓய்வு கேட்பது இச்சரிவில் மீண்டும் மீண்டும் காணப்படும் உண்மை. பழைய நிறுத்தங்களில் நின்று நின்று செல்லும் குடும்பம் களைப்பதில்லை. வளைவுகளைச் சலிப்பென்று எண்ணி நேராக ஏறும் குறுக்குவழியில் புகுந்த குடும்பம், மிச்சப்படுத்திய நேரத்தைப் போல இருமடங்கை அடுத்த நிழலில் உட்கார்ந்து செலவழிக்கிறது. குறுக்குவழியில் மண் அரித்து உருட்டுக்கற்கள் வெளிப்பட்டுக் கிடப்பதால், மேலே நடப்பவர் காலால் தட்டிய கல் கீழே வரும் பிள்ளையின் முகத்துக்கு வரும் அபாயமும் உண்டு.

நடையின் அளவைக் கணிக்க உலகெங்கும் வழங்கும் விதி ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நைஸ்மித் 1892இல் வகுத்தது: சமதரையில் மூன்று மைலுக்கு ஒரு மணி, அதற்கு மேல் ஏறும் ஒவ்வோர் இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி. ஐந்து கிலோமீட்டர் நடந்து அறுநூறு மீட்டர் ஏறுவதற்கு அவர் கணக்கில் இரண்டு மணி நேரம் போதும். உடல் பழகிய வளர்ந்த மனிதருக்கு, ஓய்வைச் சேர்க்காமல் போட்ட கணக்கு அது. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு அதை இரட்டித்துக்கொள்வதே போடிச் சரிவில் வழிகாட்டுவோரின் வழக்கம். வெயில் ஏறிய பிறகு அதுவும் போதுவதில்லை. குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஏறுவது ஆயிரம் மீட்டரை ஒட்டிய ஏற்றம் என்பதை இக்கணக்கில் வைத்துப் பார்த்தால், சிறு பிள்ளைகளுக்கு அது ஒரு பகலின் நடையன்று என்பது காகிதத்திலேயே தெரிந்துவிடும். ஆற்றோரமாக முதுவாக்குடிப் பக்கம் சென்று திரும்புவது ஆறு வயதுக்கு ஏற்றது. குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை செல்வது நடந்து பழகிய பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு ஏற்றது. உச்சி வரை ஏறுவது பதின்ம வயதினருக்கு உரியது. உச்சியைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் வண்டியில் போய்க் காட்டலாம். 'மைனா' திரைப்படம் 2010இல் வந்த பிறகு குரங்கணியைப் பார்க்க வருவோர் பெருகினார்கள். படத்தில் ஓடிக் கடக்கும் சரிவை நேரில் ஏறும்போதுதான் அதன் உயரம் தெரிகிறது.

ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கம் கடினமானது என்பதைப் பெற்றோர் எளிதில் நம்புவதில்லை. ஏறும்போது தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் விரைவில் நடுங்கத் தொடங்குகிறது. பெரியவருக்கு மறுநாள் வலிக்கும் வலி இதனால் வருவது. குழந்தைகளோ இறக்கத்தில் தம்மையறியாமல் ஓடத் தொடங்குவார்கள். ஓட்டத்தை நிறுத்தும் வலு கால்களில் இருக்காது. எனவே வழிகாட்டி முன்னால், அவருக்குப் பின்னே மிகச் சிறிய பிள்ளை, பிறகு மற்றவர்கள், எல்லாருக்கும் பின்னால் உள்ளூர்க்காரர் ஒருவர் என்ற வரிசை இறக்கத்தில் ஒருபோதும் கலையக் கூடாது. மிகச் சிறிய பிள்ளையின் வேகமே அப்போது கூட்டத்தின் வேகமாகிவிடுகிறது. பின்னால் நிற்பவர் கண்ணில் எல்லாரும் இருக்கிறார்கள்.

நடக்க இயலாத குழந்தையைத் தூக்கும் முறையைக் குரங்கணிக்கு மேலே வாழும் முதுவர் பழங்குடியினரிடமிருந்து கற்கலாம். மதுரையை விட்டு மலையேறியபோது அம்மனின் திருவுருவையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்ததாக அவர்களிடம் வாய்மொழி மரபு ஒன்று உண்டு. முதுவப் பெண்கள் துணியால் குழந்தையை முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலையில் வேலை செய்வதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். நகரத்துத் தாய் இடுப்பில் வைத்துக்கொள்ளும்போது எடை ஒரு பக்கம் சாய்ந்து கணுக்கால் பிசகுகிறது; தந்தை தோள்மேல் உட்காரவைக்கும்போது கிளை முகத்தில் அடிக்கிறது, உடலின் நிலையும் தளும்புகிறது. முதுகோடு ஒட்டிய சுமையே சரிவுக்கு ஏற்றது. நீளமான பருத்திப் புடவை ஒன்று பையில் இருந்தால், கட்டும் முறையைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம்.

ஏலத்தோட்டத்தின் ஊடாகச் செல்லும் பாதைகள் நிழலும் குளிர்ச்சியும் மணமுமாகக் குழந்தைகளை மயக்குபவை. கவனமும் அங்கேதான் கூடுதலாக வேண்டும். ஏலச்செடியின் காய் இலைகளுக்கு நடுவே உயரத்தில் காய்ப்பதில்லை. தூரடியிலிருந்து புறப்பட்டுத் தரையோடு தரையாகப் படரும் மெல்லிய பூங்கொத்துத் தண்டில் காய்க்கிறது. தோட்டக்காரர்கள் அதைச் சரம் என்கிறார்கள். பாதையை விட்டு இரண்டடி உள்ளே வைத்த கால் ஒரு சரத்தை மிதித்தால், அதில் வரிசையாகப் பழுக்க வேண்டிய காய்கள் போயின. ஆளுயரச் செடிகளைப் பார்த்தபடி நடப்பவருக்குக் கீழே மிதிபடுவது தெரிவதே இல்லை. தோட்டக்காரர் அயலாரைக் கண்டால் முகம் சுளிப்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். முன்கூட்டிக் கேட்டு, பிள்ளைகளைப் பாதையிலேயே வைத்துக்கொண்டு நடக்கும் குடும்பத்தை அவர்களே அழைத்து, பறித்த காயை மிதமான சூட்டில் உலர்த்தும் ஸ்டோர் என்ற கட்டடத்தைத் திறந்து காட்டுவதும் உண்டு. போடியின் கடைகளில் பச்சை நிறம் மாறாமல் இருக்கும் காய் அந்த உலர்த்தலின் பயன் என்பதைப் பிள்ளைகள் மூக்கால் அறிந்துகொள்ளும் இடம் அது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பூச்சிமருந்து மிகுதியாக அடிக்கப்படும் பயிர்களில் ஏலம் ஒன்று. மருந்தடித்த தோட்டத்துக்குள் அன்றும் அடுத்த சில நாள்களும் குழந்தைகள் போகக் கூடாது. தோட்டத்துக்குக் கீழே ஓடிவரும் ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதைக் குடிக்கக் கூடாது. பச்சைக் காயைக் கிள்ளி வாயில் போடக் கூடாது. ஊற்றுநீர் எல்லாம் தூயது என்ற நகரத்தாரின் நம்பிக்கை இம்மலையில் செல்லாது. மனிதக் குடியிருப்புக்கும் தோட்டத்துக்கும் மேலே உள்ள ஊற்றை உள்ளூர்க்காரர் காட்டினால் ஒழிய, போடியிலிருந்தே கொண்டுவந்த தண்ணீர்தான் பிள்ளைகளுக்கு.

அட்டையைக் கண்டு கதறும் பிள்ளையைவிட அதன் பெற்றோரே பெரும்பாலும் அதிகம் அஞ்சுகிறார்கள். மழை பெய்த ஏலக்காட்டின் சருகில் அட்டை இல்லாமல் இருக்காது. அதன் எச்சிலில் உள்ள ஒரு பொருள் குருதி உறையாமல் தடுப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாய் நெடுநேரம் கசிகிறது. காண அச்சம் தருமே தவிரத் தீங்கு சிறிது. தோட்டத் தொழிலாளர் உப்பையும் புகையிலைத் தூளையும் துணியில் முடிந்து காலில் தேய்த்துக்கொள்கிறார்கள். குழந்தைகளின் தோலுக்குப் புகையிலை ஆகாது; காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, உப்பு முடிச்சைக் காலணியின் மேல் ஒற்றினால் போதும். கடித்திருந்தால் வெடுக்கென்று இழுக்காமல், நகத்தைத் தோலோடு ஒட்டி நகர்த்தி விடுவிக்க வேண்டும். வீடு திரும்பிய அன்று இரவே காது மடலின் பின்புறம், அக்குள், இடுப்பு மடிப்பு ஆகியவற்றில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அட்டையைப் பற்றிய கவலையை விட முக்கியம். தொடர்ந்த நாள்களில் காய்ச்சல் வந்தால், மலைக்காட்டில் நடந்ததை மருத்துவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.

கிழக்குச் சரிவின் மிகப் பெரிய அபாயம் தீ. 2018 மார்ச் 11ஆம் நாள் சரிவுக்கு மேலே உள்ள கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த நடைப்பயணக் குழுக்கள் காய்ந்த புல்வெளியில் பற்றிய தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். நடக்கும் வலு உள்ளவர்கள். வலுவால் மட்டும் அங்கே தப்ப முடியாததற்குக் காரணம் சரிவின் இயல்பில் இருக்கிறது. சமதரையில் மெல்லப் பரவும் தீ, மேல்நோக்கிய சரிவில் தன் மேலிருக்கும் புல்லைத் தானே சூடாக்கிக் காயவைத்துக்கொண்டு ஏறுவதால், சாய்வு பத்துப் பாகை கூடும்போது வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. மலைமடிப்புகள் காற்றைப் புகைபோக்கிபோல் மேலே இழுக்கின்றன. மனிதர் மேல்நோக்கி ஓடும் வேகமோ அதே சாய்வில் குறைகிறது. ஆகவே புகை கண்டால் மேலே ஏறித் தப்பப் பார்க்காமல், பக்கவாட்டில் நகர்ந்து, புல் இல்லாத பாறையையோ ஆற்றுப் படுகையையோ முன்பே எரிந்து முடிந்த நிலத்தையோ அடைய வேண்டும் என்று சரிவில் வாழ்பவர்கள் தம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். குழந்தையோடு வந்த குடும்பத்துக்கு இந்த விதியும் போதாது. அந்த மாதங்களில் அந்தப் புல்வெளிக்குள் போகாமலிருப்பது ஒன்றே பாதுகாப்பு.

அத்துயரத்துக்குப் பின் தமிழ்நாடு அரசு 2018இலேயே காட்டுவழி நடைப்பயணத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. இன்று எந்தக் காட்டுப் பாதையிலும் வனத்துறையின் இசைவின்றி நடப்பது குற்றம். 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் மாநிலத்தில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என வகுத்து, உள்ளூர் இளைஞரையும் பழங்குடியினரையும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக்கியது. குரங்கணி–சாம்பலாறு வழியும் அவற்றில் ஒன்று. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவம் என்று பாதைகள் மூடப்படுகின்றன. பள்ளித் தேர்வுகள் முடிந்து குடும்பங்கள் புறப்படத் துடிக்கும் நாள்களோடு மூடலின் கடைப்பகுதி மோதுவதால், கதவடைத்துவிட்டார்கள் என்ற குறைபேச்சு ஆண்டுதோறும் எழுகிறது. 2018 மார்ச்சை நேரில் அறிந்த ஊரில் அந்தக் குறைபேச்சுக்கு ஆதரவு கிடைப்பதில்லை. சரிவையும் டாப் ஸ்டேஷனையும் கடந்து மூணாற்றுப் பக்கம் காலடி வைத்தால் அது கேரளம் என்பதையும், அங்கே வேறு வனத்துறையின் வேறு இசைவு வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாறு பார்த்தால் குடும்ப நடைக்கு உகந்த காலம், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து புல் இன்னும் பச்சையாக இருக்கும் டிசம்பர் பிற்பகுதியும் ஜனவரியும்தான். ஜூன், ஜூலையில் கிழக்குச் சரிவில் மழை குறைவாக இருந்தாலும் மெட்டுகளைத் தாண்டிவரும் காற்று சிறுவரைத் தள்ளும் அளவுக்கு வீசுகிறது. அதே நாள்களில் மேற்கே மண் ஊறிக் கிடக்கிறது. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் இரவில் சரிந்த மலை, உறங்கிக்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மூடியது. இறந்தவர்களுள் பலர் தமிழர். அந்த மாதங்களில் ஏரிப்பக்கம் போவதைத் தள்ளிவைக்குமாறு குடும்பங்களிடம் சொல்வதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாதைகள் மூடிய வாரங்களில் வழிகாட்டிகள் வேறு கூலிவேலைக்குப் போகிறார்கள்; சிலர் தீத்தடுப்புக் கோடு வெட்டும் பணியில் வனத்துறையோடு சேர்ந்துகொள்கிறார்கள். புல்வெளியின் குறுக்கே சில மீட்டர் அகலத்துக்குப் புல்லையும் சருகையும் செதுக்கி, தீ தாண்டாதபடி வெறும் மண்ணைப் பட்டையாக விடுவதே அந்தக் கோடு. வெயிலில் மண்வெட்டியோடு அதே சரிவில் நாள்முழுதும் நிற்பவர்களுக்குப் புல் எங்கே முதலில் காய்கிறது, காற்று எந்த மடிப்பில் திரும்புகிறது, எந்த ஊற்று இவ்வாண்டு வற்றியது என்பது காலடியில் தெரிந்துவிடுகிறது. பாதை திறந்ததும் அவர்கள்தாம் முன்வரிசையில் நடக்கிறார்கள். வழிகாட்டியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பம், எத்தனை முறை உச்சி ஏறியிருக்கிறீர்கள் என்று கேட்பதற்குப் பதிலாக, மூடிய மாதங்களில் எந்தச் சரிவில் கோடு வெட்டினீர்கள் என்று கேட்கலாம்.